சாமான் வரட்டும்

அவனை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் முதலில் வருவது விசர்தான், பைத்தியம் பிடிக்கிற எரிச்சல். பாசம் பிறகு வரும், அதுவும் முணுமுணுத்துக்கொண்டுதான் வரும். ஒரு மனிதனிடம் பேஸ் கிற்றார் இருக்கிறது. வாசிக்கக் கை இருக்கிறது, கேட்கக் காது இருக்கிறது, பக்கத்தில் ட்ரம்ஸை வைத்துக்கொண்டு நான் ஒருவன் குந்தியிருக்கிறேன். பிறகென்ன, வாசிக்க வேண்டியதுதானே? மாட்டான். "பொறு மச்சான், சாமான் வரட்டும்" என்பான். வருடக்கணக்காக இதைத்தான் சொன்னான். வருடக்கணக்காக நானும் பொறுத்தேன் பாருங்கள், அதுதான் இன்னும் ஆறவில்லை.

சாமான் என்பது ஒரு நாள் கம்பியாக இருக்கும். ஒரு நாள் ஸ்பீக்கர். ஒரு நாள் கிற்றாரையும் அம்பிளிபயரையும் தொடுக்கிற வயர். எப்போதும் ஏதோ ஒன்று வழியில் வந்துகொண்டே இருக்கும், கொழும்பிலிருந்து, நீர்கொழும்பிலிருந்து, கப்பலில் வேலை செய்கிற யாரோ ஒரு சொந்தக்காரனிடமிருந்து. அது வந்து சேர்ந்த அன்றே அதில் ஒரு பிழை கண்டுபிடிப்பான். அந்தப் பிழைக்கு மருந்தாக இன்னொரு சாமானுக்குச் சொல்லி அனுப்புவான். இப்படியே போகும்.

யாழ்ப்பாணத்துக் குருநகரில் நாங்கள் மூன்று பேர். றெஜி பாடுவான், லீட் கிற்றாரும் அவன்தான். நான் ட்ரம்ஸ். இவன் பேஸ். ஒருவரும் தொழில்முறை ஆட்கள் இல்லை. றெஜிக்கு ஐஸ் பக்டரியில் வேலை. இவன் வலைக்கடை ஒன்றில் நின்றான். நான் கச்சேரியில் கிளாக்கர், அரசாங்கக் கச்சேரியைத்தான் சொல்கிறேன். பகலிலும் கச்சேரி, பின்னேரமும் கச்சேரி, வீட்டுக்கு மட்டும் ஒரு பிரயோசனமும் இல்லை என்று அக்கா நக்கலடிப்பாள்.

பேஸ் கிற்றார் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அதில் இருப்பது நாலு தடித்த கம்பிகள். அதை மட்டும் தனியே வாசித்தால் பாட்டு என்று ஒன்றும் கேட்காது, அடிச்சத்தம்தான் கேட்கும். ஆனால் அந்த அடிச்சத்தம் இல்லாவிட்டால் பாடுகிறவன் ஒரு பக்கமும் ட்ரம்ஸ் அடிக்கிறவன் ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்போம். சனத்துக்கு என்ன குறை என்று தெரியாது, ஏதோ குறை என்று தெரியும். ட்ரம்ஸ்காரனுக்கு அது பசி மாதிரி தெரியும்.

எனக்கு அந்தப் பசியைப் பழக்கியதும் அவன்தான். இந்தச் சங்கதியெல்லாம் தொடங்கின புதிதில், ஒரு சனிக்கிழமை மத்தியானம் றெஜி வீட்டு விறாந்தையில், பழைய வால்வ் றேடியோ ஒன்றின் பின்பக்கத்தைக் கழற்றி அதில் தன் கிற்றாரைத் தொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். வாசிக்கவில்லை, சோதித்துக்கொண்டிருந்தான். றெஜி பகிடிக்கு ஒரு பாட்டை எடுத்தான். நானும் சேர்ந்தேன். அவன் விரல் தன்பாட்டில் எங்களோடு வந்துவிட்டது. என் கால் ட்ரம்மை மிதிக்கிற அதே கணத்தில் அவன் கம்பி விழுந்தது. எது என் சத்தம், எது அவன் சத்தம் என்று எனக்கே தெரியவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ வந்து குந்தின மாதிரி இருந்தது. கடைசி அடிக்கு முன்னால் நிறுத்திவிட்டான். "றேடியோ உறுமுது" என்று சொல்லிக் கிற்றாரைக் கீழே வைத்தான்.

அன்றைக்குப் பிடித்தது எனக்கு. ஒரே ஒரு பாட்டு, தொடக்கத்திலிருந்து முடிவு வரை, சனத்துக்கு முன்னால் அவன் என்னோடு வாசிக்கவேண்டும். வேறு ஒன்றும் நான் கேட்கவில்லை. பெரிய இசைக்குழு ஆகவேண்டும் என்றோ, கசெற் போடவேண்டும் என்றோ நான் கனவு கண்டது கிடையாது. ஒரு பாட்டு. இதைக் கேட்டுக் கேட்டே என் இளமை போனது.

கோயில் பெருநாளுக்கு எங்களைத்தான் வாசிக்கக் கேட்பார்கள். கோயில் என்றால் எங்களுக்குத் தேவாலயம். லவுட்ஸ்பீக்கர்காரர் குழாய் ஸ்பீக்கர் இரண்டைத் தென்னைமரத்தில் கட்டியிருப்பார். இவன் வந்து அண்ணாந்து பார்ப்பான். இந்தக் குழாய்க்குள் பேஸை விட்டால் தகர எண்ணெய்ப் பரலுக்குள் தவளை கத்துகிற மாதிரி இருக்கும், நான் வாசிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போய்ச் சனத்தோடு நிற்பான். நானும் றெஜியும் இரண்டு பேராக ஒப்பேற்றுவோம். முடிந்த பிறகு கச்சான் கடலை கொறித்துக்கொண்டு வந்து, மூன்றாவது பாட்டில் நீ தாளத்தில் கொஞ்சம் முந்தி ஓடிவிட்டாய் என்று எனக்குச் சொல்லுவான். நான் ஓடாமல்? என்னைப் பிடித்து நிறுத்தவேண்டியவன் கச்சான் வாங்கப் போய்விட்டான்!

எரிச்சல் என்னவென்றால், அவன் சொல்வதெல்லாம் நியாயமாக இருக்கும். குழாய் ஸ்பீக்கரில் பேஸ் எடுபடாதுதான். றேடியோ உறுமினதும் உண்மைதான். ஆனால் எவனுக்கு ஐயா இந்த உலகத்தில் சாமான் சரியாக இருந்தது? என் ட்ரம் ஒன்றில் தோல் கிழிந்து, ஆசுபத்திரி எக்ஸ்ரே படம் ஒன்றை வெட்டி ஒட்டியிருந்தேன். வெளிச்சத்தில் பிடித்தால் யாரோ ஒருவரின் விலாவெலும்பு தெரியும். நான் அந்த விலாவில் அடித்துக்கொண்டுதானே இருந்தேன்?

அவனுடைய அம்மாவுக்கும் இதே தலையிடிதான். ஸ்பீக்கருக்குத் தானே பெட்டி செய்கிறேன் என்று தேயிலைப் பெட்டிப் பலகைகளைச் சேர்த்து ஒன்று அடித்தான். அடித்துவிட்டுத் தட்டிப் பார்த்தால் பலகை அதிருகிறதாம், உள்ளுக்குப் பஞ்சு வைக்கவேண்டுமாம். வீட்டிலிருந்த தலையணைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து இலவம்பஞ்சை எடுத்தான். அம்மா சீலையைச் சுருட்டித் தலைக்கு வைத்துப் படுத்தார். கம்பியில் ஒலி மங்கிவிட்டது என்று ஒருநாள் நாலையும் கழற்றி மீன் சட்டியில் தண்ணீர் விட்டு அவித்தான். அவித்தால் ஊத்தை போய்க் கம்பி திரும்பக் கணீரென்று பேசும் என்று எங்கேயோ கேட்டிருக்கிறான். நான் போனபோது அம்மா அடுப்படி வாசலில் நின்று, "ஊரிலை எல்லாரும் கணவாய் அவிக்கினம், என்ரை பிள்ளை கம்பி அவிக்குது. இரு தம்பி, சாப்பிட்டிட்டுப் போகலாம்" என்றார். கம்பி உண்மையிலேயே கணீரென்றுதான் பேசியது. ஒரு கிழமைதான். பிறகு மூன்றாம் கம்பி அறுந்தது.

அந்த மூன்றாம் கம்பியால் வந்த கூத்தையும் சொல்லவேண்டும். சண்டையால் பாதை பூட்டியிருந்த காலம், கொழும்பிலிருந்து கம்பி வர வழியில்லை. வேறு யாராவது என்றால் மூன்று கம்பியில் வாசிப்பான். இவன் வலைக்கடையில் நின்றவன் அல்லவா, பெரிய மீனுக்குப் போடுகிற தடித்த தங்கூசி, அந்த நைலோன் கயிறுதான், அதில் நல்ல முறுக்கானதாகப் பார்த்துத் தெரிந்தெடுத்து அறுந்த கம்பிக்குப் பதிலாகக் கட்டினான். கையால் தட்ட நல்ல இனிமையான சத்தம். காதைக் கட்டையில் வைத்துக் கேட்கச் சொன்னான், உண்மையாகவே தேன். ஆகா, இனிக் கொழும்பு எங்களுக்கு எதற்கு, குருநகரில் இல்லாத தங்கூசியா என்று துள்ளினான். மற்றக் கம்பிகளையும் கழற்றி எறிந்துவிட்டு நாலுக்கும் தங்கூசியே போட்டான். கழற்றின கம்பிகளை அம்மா கொடியாகக் கட்டி உடுப்புக் காயப்போட்டார்.

அம்பிளிபயரில் தொடுத்தான். ஒரு சத்தமும் இல்லை. அது அவனிடம் இருந்த முதல் அம்பிளிபயர், கோயில்காரர் கழித்துவிட்டது. வயரை மாற்றினான், இல்லை. அம்பிளிபயரைக் கழற்றி நிலத்தில் பரப்பினான். ஒவ்வொரு இணைப்பாகச் சூட்டுக்கோல் வைத்து ஒட்டினான். ஸ்பீக்கரையும் கழற்றினான். நாட்கணக்கில் இதே வேலை. நானும் பக்கத்தில் இருந்து ரோர்ச் பிடித்தேன், மண்டையில் ஒன்றும் ஏறாமல். கடைசியில் றெஜி வந்து வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "டேய், உதுக்குள்ளை இருக்கிறது காந்தமெல்லே. நைலோனிலை காந்தம் பிடிக்குமோடா?" என்று கேட்டான். இரும்பு ஆடினால்தான் அந்தக் காந்தத்துக்குத் தெரியும், தங்கூசி விடிய விடிய ஆடினாலும் அதற்குத் தெரியாது. அவன் எழும்பிப் போய்க் கொடியிலிருந்த உடுப்பையெல்லாம் எடுத்துவைத்துவிட்டுக் கம்பியை அவிழ்த்தான். அது துருப்பிடித்திருந்தது.

இப்போதும் அவன் இருக்கிறான், நல்ல சுகமாக இருக்கிறான். போன வருடம் போனில் கதைத்தேன். தலைமுடி போய்விட்டதாம், முழங்கால் நோவாம். வாசிக்கிறாயா என்று கேட்டேன். ஓம், எல்லாம் ஆயத்தம், சிங்கப்பூரிலிருந்து ஒரு சின்னச் சாமான் வரவேண்டியிருக்கிறது, அது வந்தால் தொடங்கிவிடலாம் என்றான். நான் போனை வைத்துவிட்டேன். பிறகு மனம் கேட்காமல் திரும்ப எடுத்தேன்.

சாமான் என்ற அந்தச் சொல் ஒருதரம் எங்களைக் கொல்லப் பார்த்தது. ஆமி நகரத்துக்குள் வந்து மூலைக்கு மூலை காவல் போட்டிருந்த காலம் அது. அப்போது யாழ்ப்பாணத்தில் சில சொற்களைத் தெருவில் சத்தமாகச் சொல்லக்கூடாது. பேஸ் என்றால் இயக்கப் பெடியளின் முகாம். சாமான் என்றால் ஆயுதம். பால்குடிக்கும் இது தெரியும். இவனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அன்றைக்குக் கொழும்பிலிருந்து கம்பி வந்துவிட்டது, நாலு கம்பியும் புதுசு, உறை பிரிக்காதது. சந்தோசத்தில் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தவன், பஸ் நிலையத்தில் தெருவுக்கு மற்றப் பக்கம் நின்ற என்னைக் கண்டான்.

"மச்சான், சாமான் வந்திட்டுது. பேஸ் ரெடி. பின்னேரம் றெஜியையும் கூட்டிக்கொண்டு வா, இண்டைக்கு வெளுத்து வாங்குவம்" என்று தெரு முழுக்கக் கேட்கக் கத்தினான்.

பஸ்ஸுக்கு நின்ற சனம் எங்கே போனது என்று தெரியவில்லை. கச்சான் விற்றவள் பெட்டியையும் விட்டுவிட்டுப் போய்விட்டாள். நான் மட்டும் நின்றேன். ஆமிக்காரர் எங்கள் இரண்டு பேரையும் பிடித்துச் சுவரோடு நிறுத்தினார்கள். அவர்களோடு தமிழ் தெரிந்த ஒருவன் இருந்தான். அவன் கேட்கக் கேட்க இவன் ஒளிவுமறைவில்லாமல் பதில் சொன்னான். பேஸ் எங்கே இருக்கிறது? வீட்டில், கட்டிலுக்குக் கீழே. எத்தனை பேர்? மூன்று பேர். சாமான் எவ்வளவு வந்தது? நாலு. யார் தந்தது? கொழும்பில் ஒரு அண்ணை. இவன் வாயைப் பொத்த எனக்குக் கை இல்லை, இரண்டும் தலைக்கு மேலே இருந்தன.

வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். கட்டிலுக்குக் கீழே இருந்து நீளப் பெட்டியை இழுத்தபோது அத்தனை துவக்கும் அதைப் பார்த்து நிமிர்ந்தன. திறந்தால் கிற்றார். அதுவும் அவர்களுக்குப் போதவில்லை, கிற்றார் என்றால் ஆறு கம்பியல்லவா, இதில் நாலு ஏன் என்று சந்தேகம். வாசித்துக் காட்டு என்று அந்தத் தமிழ் தெரிந்தவன் சொன்னான். முற்றத்தில் முழங்காலில் இருந்த எனக்கு உயிர் வந்தது. இவனுக்கு வாசிக்கத் தெரியும். நாலு அடி வாசித்தால் விட்டுவிடுவார்கள்.

"இப்ப கரண்ட் இல்லை ஐயா" என்றான். "அம்பிளிபயர் இல்லாமல் வாசிச்சா உங்களுக்கு ஒண்டும் விளங்காது."

கன்னத்தில் ஒன்று விழுந்தது. அடுப்படிக் கதவில் அம்மா செபமாலையைப் பிடித்துக்கொண்டு நின்றார், வாய் மட்டும் அசைந்தது. இன்னொன்று விழுந்தது. இவன் கன்னத்தைத் தடவிக்கொண்டு, குழாய் ஸ்பீக்கர்காரரிடம் காட்டுகிற அதே முகத்தோடு நிற்கிறான். "வாசியடா நாயே" என்று நான் கத்தினேன். அன்றைக்கு நான் அவனை அப்படிச் சொன்னதுக்கு எனக்கு ஒரு துளி கவலையும் இல்லை.

கிற்றாரை மடியில் வைத்தான். வாசிக்கவில்லை. சுருதி சேர்த்தான். காதைக் கட்டையில் வைத்து, ஒரு கம்பியைத் தட்டி, ஆணியை மயிரளவு திருப்பி, திரும்பத் தட்டி, தலையை ஆட்டி, மறுபடி திருப்பினான். துவக்கு முனை அவன் பிடரியில் இருந்தது. அடுத்த கம்பிக்குப் போனான். அங்கேயும் அதே மயிரளவு. தமிழ் தெரிந்தவன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மற்றவர்களிடம் தங்கள் பாஷையில் ஏதோ சொன்னான், ஒருவன் சிரித்தான். போகிற போக்கில் எனக்குத்தான் ஒரு உதை விழுந்தது.

அவர்கள் வாசல் படலையைத் தாண்டும்வரைக்கும் அவன் நாலாவது கம்பியில்தான் இருந்தான். நான் கிட்டப் போனேன். "புதுக் கம்பியெல்லே, இழுபடுது. நாளைக்குத்தான் நிக்கும்" என்றான். நான் அவனோடு கனகாலம் கதைக்கவில்லை.

பிறகு சாமான் உண்மையாகவே வந்தது. பதினைந்து இஞ்சி ஸ்பீக்கரும் அம்பிளிபயரும் ஒன்றாகச் சேர்ந்த பெரிய பெட்டி, பேஸுக்கென்றே செய்தது. கொழும்பில் ஹோட்டல்களில் வாசித்த ஒருவர் வெளிநாடு போகும்போது கொடுத்தது, லொறியில் வெங்காயச் சாக்குகள் வந்த வழியால் வந்து இறங்கியது. இவன் அதைத் தடவினான், பின்னால் போய்ப் பார்த்தான், குனிந்து மணந்தும் பார்த்தான். ஒரு பிழையும் சொல்லவில்லை. என் மனதில் பெருநாள் நடந்தது. அந்த மாதமே திரும்பச் சண்டை தொடங்கிக் குடாநாடு முழுக்கக் கரண்ட் போனது, போனதுதான், வருடக்கணக்கில் வரவில்லை. இதற்கு யாரைப் போய் நோவது?

குருநகருக்குள் ஷெல் விழத் தொடங்க எல்லாரும் நல்லூர்ப் பக்கம் ஓடினோம். சனம் அரிசியையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு போக, இவன் தள்ளுவண்டிலில் அந்தப் பெட்டியை ஏற்றித் தள்ளிக்கொண்டு வந்தான். ஒரு வீட்டின் பின்பக்க அறை கிடைத்தது. அம்மா பெட்டியின் மேலே துணியை விரித்து மாதா சொரூபத்தை வைத்தார். பாடாத பெட்டிதானே, மாதாவாவது இருக்கட்டும் என்றார். நான் போய்ப் பார்க்கும்போதெல்லாம் கிற்றாரை எடு, சும்மா கையால் வாசி, பழகிக்கொண்டாவது இருப்போம் என்று கெஞ்சுவேன். "கரண்ட் வரட்டும்" என்பான். அப்போது குடாநாடே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, அதனால் அவன் சொன்னது ஒருவருக்கும் விசராகப் படவில்லை, என்னைத் தவிர.

றெஜியின் தங்கச்சி பிலோவுக்குக் கலியாணம் வந்தது. தகப்பன் இல்லாத வீடு. மூத்த அண்ணன் கனடாவில், வரமுடியாது. அவனுக்கு அனுப்புவதற்காக வீடியோ எடுக்கவேண்டும் என்று தாய் ஒற்றைக்காலில் நின்றார். வீடியோவுக்கு லைற் வேண்டும், லைற்றுக்கு ஜெனரேற்றர் வேண்டும். ஜெனரேற்றர் ஒன்று வாடகைக்குப் பிடித்தார்கள், நாலு துளி பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓடுகிற சின்னது. ஜெனரேற்றர் என்ற சொல்லைக் கேட்டதும் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே அவனிடம் போனேன். இதுதான் கரண்ட், வந்துவிட்டது, இனி என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்டேன். அவன் மாதாவைப் பார்த்தான். பிறகு சொரூபத்தை மெல்லத் தூக்கி யன்னலில் வைத்தான்.

கோயிலில் தாலி கட்டிய பிறகு, பின்னேர வரவேற்பு ஒரு ரியூசன் கொட்டிலில். கரும்பலகையைக் காஞ்சிபுரம் சீலையால் மறைத்து, அதற்கு முன்னால் மாப்பிள்ளை பொம்பிளைக்குக் கதிரை போட்டிருந்தார்கள். இவன் காலையிலேயே வந்துவிட்டான். பெட்டியின் கீழே சாக்கை மடித்து வைத்தான். உறுமல் வராமல் இருக்க வெளியே நிலத்தில் ஒரு இரும்புக் கம்பியை அறைந்து, உப்புத் தண்ணீர் ஊற்றி, அதிலிருந்து எர்த் வயர் இழுத்தான். சுருதி சேர்த்தான். பெட்டியை ஒரு சாண் திருப்பினான், பாதிச் சாண் திரும்பவும் திருப்பினான். இப்போது ஏதாவது பிழை கண்டுபிடிக்கப் போகிறான் என்றுதான் நினைத்தேன். நிமிர்ந்து என்னைப் பார்த்து, "சரி" என்றான். அந்தச் சொல்லை அவன் வாயிலிருந்து நான் முதல்முறையாகக் கேட்டேன்.

றெஜி தங்கச்சிக்காகப் பாட்டை எடுத்தான். நான் மிதித்தேன். அவன் கம்பி விழுந்தது. நான் குந்தியிருந்த வாங்கு அதிர்ந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் கதிரைக் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒளிப்பானேன். றெஜி வீட்டு விறாந்தையில் வந்து குந்தினது திரும்ப வந்து அதே இடத்தில் குந்தியது. நான் ஓடவில்லை, இழுக்கவில்லை. ஓட விடாமல் ஒருவன் பிடித்துக்கொண்டு நின்றான்.

வீடியோக்காரன் கையைக் காட்டத் தொடங்கினான். பேஸில் ஒவ்வொரு அடி விழும்போதும் அந்தப் பெட்டி கரண்டை இழுக்கிறது, சின்ன ஜெனரேற்றர் திணறுகிறது, வீடியோ லைற் மங்குகிறது. அடி விழ மங்கும், விட எரியும். மாப்பிள்ளை பொம்பிளை முகம் கறுத்து வெளுத்துக்கொண்டிருந்தது. யாரோ வெளியே போய் ஜெனரேற்றரைத் தட்டினார்கள். எனக்கு எல்லாம் தெரிந்தது. தெரியாத மாதிரி அடித்தேன். இன்னும் ஒரு சரணம்தான் பாட்டில் மிச்சம், கர்த்தரே, இன்னும் ஒரு சரணம்.

றெஜியின் தாய் எழும்பி வந்தார். என்னிடம் வரவில்லை, நேரே அவனிடம் போனார். "தம்பி, குறை நினையாதை. அந்தப் பெட்டியை நிப்பாட்டு ராசா. அவன் அங்கையிருந்து தங்கச்சின்ரை முகத்தைப் பாக்கவேணும்."

அவன் குனிந்து பெட்டியின் வயரை இழுத்தான். வாங்கின் அதிர்வு நின்றது. தடியை எறிந்துவிட்டு எழும்பிப் போவோமா என்று எனக்குத் தோன்றியது. திரும்பிப் பார்த்தேன். அவன் நிமிர்ந்து நின்று வாசித்துக்கொண்டிருந்தான். வயர் நிலத்தில் கிடக்கிறது, பெட்டி செத்துக் கிடக்கிறது, விரல் கம்பியில் நடக்கிறது. கையை அடக்கி மெதுவாக அடித்துப் பார்த்தேன், அவன் கம்பியில் ஒரு துளிச் சத்தமாவது கேட்குமா என்று. கேட்கவில்லை. கடைசி அடி வந்தது, பாட்டு முடிந்தது, அவன் கை என் கையோடு ஒன்றாக நின்றது. முழுப் பாட்டும் வாசித்துவிட்டான், சனத்துக்கு முன்னால், நான் கேட்டபடியே.

சாப்பாட்டுக்குப் பிறகு அவன் எர்த் வயரைச் சுருட்டிக்கொண்டு நிற்க நான் போனேன். துவக்கைப் பிடரியில் வைத்துக் கேட்டபோது அம்பிளிபயர் இல்லாமல் வாசிக்கமாட்டேன் என்றவன் நீ, இன்றைக்கு மட்டும் ஏனடா வாசித்தாய் என்று கேட்டேன். கோபத்தில்தான் கேட்டேன்.

"நீ அடிச்சுக்கொண்டிருந்தனியெல்லே" என்றான். "பேந்து நான் எப்பிடி விடுறது?"

அதற்குப் பிறகு நாங்கள் சேர்ந்து வாசிக்கவில்லை. ஊரே சாவகச்சேரிப் பக்கம் இடம்பெயர்ந்தபோது அந்தப் பெட்டி நல்லூரில் விடுபட்டது. நான் இங்கே கனடாவுக்கு வந்துவிட்டேன். பிலோவும் இங்கேதான் இருக்கிறாள். ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு அவள் வீட்டில் பழைய கலியாண வீடியோவைப் போட்டார்கள். கமரா முழுக்க மாப்பிள்ளை பொம்பிளை மேலேதான் நிற்கிறது. அவன் ஒரு இடத்திலும் இல்லை. என்னுடைய தாளத்தட்டின் ஓரம் மட்டும் ஒருதரம் தெரிகிறது. றெஜியின் பாட்டுக் கேட்கிறது, என் அடி கேட்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக ஜெனரேற்றர் கேட்கிறது. பேஸ் கேட்கவில்லை. அந்தச் சின்னக் கமராவுக்கு அந்த அடிச்சத்தமெல்லாம் பிடிபடாது.

ஆனால் பிலோவின் முகம் மங்குகிறது, எரிகிறது, மங்குகிறது. நான் முன்னுக்குச் சரிந்தேன். அது கண்டபாட்டுக்கு மங்கவில்லை. என் கால் விழுகிற இடத்தில் மங்குகிறது. பிறகு ஒரு அடி தள்ளி, அவன் இடையில் நுழைக்கிற ஒரு குட்டி அடிக்கும் மங்குகிறது. மூன்றாவது வரியில் நான் கொஞ்சம் ஓடப் பார்க்கிறேன், அவன் அரை அடி பிந்தி என்னைப் பிடித்து இழுக்கிறான், அதுவும் அவள் கன்னத்தில் தெரிகிறது. அவன் வாசித்தது ஒன்றுவிடாமல் அங்கே இருக்கிறது. கதிரைக்குக் கீழே என் கால் மிதித்துக்கொண்டிருந்தது.

அம்மாவின் முகம் ஏன் கறுத்துக் கறுத்து வருகிறது என்று பிலோவின் மகள் கேட்டாள். அங்கே அப்போது கரண்ட் இல்லை, எல்லாம் ஓட்டை ஜெனரேற்றர் என்று பிலோவின் புருசன் விளக்கம் சொன்னான். கடைசிச் சரணத்துக்கு முன்னால், றெஜியின் தாய் படத்தின் குறுக்கே நடந்து போவது தெரிந்தது. லைற் ஒருதரம் துள்ளி, பிறகு ஆடாமல் நின்றது.

"அப்பாடா, இப்ப வடிவாத் தெரியுது" என்றாள் பிலோ.

நான் அவள் கையிலிருந்து ரிமோட்டை வாங்கி, முகம் கறுக்கிற இடத்துக்குப் படத்தைப் பின்னோக்கி ஓட்டினேன்.